தொண்ணூற்றாறு ஜன்னல்கள்

கிரெய்ன்ஃபோர்ட், அயோவா
9 நவம்பர் 2003

இல்லை அக்கா, நான் நிற்கவே இல்லை. யாருமே நிற்கவில்லை. வாக்குச்சீட்டில் நான்காம் வார்டு உறுப்பினருக்கான இடத்தில் ஒரு வெற்றுக்கோடு மட்டும் இருந்தது. விருப்பம் இருந்தால் ஒரு பெயரை எழுதலாம். இரண்டு பேர் என் பெயரை எழுதியிருக்கிறார்கள். தேர்தல் முடிந்தது.

ஒன்று வெண்டெல். விளையாட்டாகச் செய்தானாம். இப்படி ஒரு கணவன். இன்னொன்று யாருடையது என்று தெரியவில்லை. என்னுடையது இல்லை. அன்று எனக்குக் காய்ச்சல், சாவடிக்கே போகவில்லை.

நகர அலுவலக எழுத்தர் டெல்ஃபின் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"வாழ்த்துக்கள், கவுன்சிலர்."

"கிண்டல் பண்ணாதீங்க டெல்ஃபின். ரெண்டே ரெண்டு ஓட்டு."

"போன தடவ ஒண்ணு. அதுவும் பழைய கவுன்சிலர் கிழவர் தனக்குத்தானே போட்டுக்கிட்டது. நீ சாதனையில்ல பண்ணிருக்க!"

"என் வார்டுல மொத்தம் எத்தன பேரு?"

காகிதம் புரளும் சத்தம். "ஆயிரத்து முந்நூத்தி எழுபத்தொம்போது."

"எங்க தெருவுல பதினாறு வீடுதானே இருக்கு?"

"ஆமா. மத்தவங்க சுவத்துக்கு அந்தாண்ட."

எனக்கு அதுவரை தெரியாது. கைதி எங்கே தூங்குகிறானோ அங்கே குடியிருப்பதாக மக்கள்தொகைக் கணக்கில் எழுதிக்கொள்கிறார்கள். நான்கு வார்டுகளிலும் தலைகள் சமமாக இருக்க வேண்டும். ஆக, சிறையும் எங்கள் தெருவும் சேர்ந்து ஒரு வார்டு. எண்ணிக்கைக்கு அவர்கள் உண்டு. ஓட்டு கிடையாது.

எங்கள் சமையலறைத் தொட்டிக்கு மேலே உள்ள ஜன்னலில் சிறையின் கிழக்குச் சுவர் தெரியும். ஐந்து வருடங்களாக அதைப் பார்த்துக்கொண்டுதான் பாத்திரம் கழுவுகிறேன். நேற்று முதல் தடவையாகத் திரையை இழுத்து மூடிவிட்டேன்.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? எனக்கு இருமல் மட்டும் மிச்சம். டோபியாஸ் கப்பலிலிருந்து எழுதினானா? ஒன்றரை வருடமாக அவன் கையெழுத்தைப் பார்க்கவில்லை. சித்தி கேட்டாள் என்று சொல்.

இங்கி

✦

துலூத், மினசோட்டா
24 நவம்பர் 2003

அன்புள்ள கவுன்சிலர் அம்மாவுக்கு,

முழங்கால் ஏரிக்காற்றோடு சண்டை போடுகிறது. மற்றபடி சுகம். உன் இருமலுக்குத் தேன் சாப்பிடு, வெண்டெல் தரும் மருந்தை நம்பாதே.

உன் கடிதத்தைப் படித்து முதலில் சிரித்தேன். பதினெட்டு வருடமாகக் குடிமையியல் நடத்துகிறேன், ஒரு பள்ளிக்குழு உறுப்பினர்கூட ஆனதில்லை. நீ படுத்த படுக்கையில் வென்றிருக்கிறாய்.

ஒவ்வொரு செப்டம்பரிலும் முதல் வகுப்பில் பலகையில் ஒரே கேள்வி எழுதுவேன் என்று உனக்குத் தெரியும்: நாம் வாழ்வது மக்களாட்சியிலா? ஒருவன் குடியரசு என்பான். ஒருத்தி செனட்டைப் பற்றிப் பேசுவாள், ஆளே இல்லாத மாநிலத்துக்கும் இரண்டு இடம், ஆள் நிறைந்த மாநிலத்துக்கும் இரண்டு இடம். போன வருடம் ஒரு பையன், "மிஸ், எங்க வீட்லயே இல்ல, நாட்ல எங்க போய்த் தேடறது?" என்றான். கடைசியில் நான் எழுந்து, குறைகள் உண்டு, ஆனாலும் ஆம் என்று முடிப்பேன். பதினேழு முறை முடித்திருக்கிறேன்.

இந்த வருடம் எழுதவில்லை. சாக்பீஸ் கையில் இருந்தது. எழுதவில்லை.

இங்கி, அந்தச் சுவரில் எத்தனை ஜன்னல்? திறக்குமா? வெயில் எப்போது விழும்? காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் சமையல் வாசனை வருமா? சும்மாதான் கேட்கிறேன். நீ திரையைத் திறந்தே வை.

டோபியாஸ் வேலையாக இருக்கிறான்.

சோல்வே

✦

கிரெய்ன்ஃபோர்ட்
14 டிசம்பர் 2003

அன்புள்ள அக்கா,

எண்ணினேன். தொண்ணூற்றாறு. நான்கு மாடி, மாடிக்கு இருபத்து நான்கு. ஒரு சாண் அகலம்தான். திறக்காது. முகம் தெரியாது. காலையில் ஒரு மணி நேரம் வெயில். வாசனை ஒன்றும் வராது. ஏன் இவ்வளவு கேட்கிறாய்?

மேயர் ஆர்வில் ஆப்பிள் கேக் ஒன்றைச் சுமந்துகொண்டு வந்தார். நல்ல மனிதர். வெண்டெலின் முதுகுவலியைப் பற்றி இருபது நிமிடம் விசாரித்தார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

நகரத்தின் மூன்றாம் கிணற்றில் ரேடியம். வருடக்கணக்கில் குடித்தால் எலும்பில் போய்த் தங்கி நோய் தருமாம். சரிசெய்ய அரசு இரண்டு வருட அவகாசம் தந்திருக்கிறது. இப்போது அந்த நீர் மற்றக் கிணறுகளோடு கலந்து எல்லா வீட்டுக்கும் வருகிறது. அதை முழுக்க ஒரே குழாயில் திருப்பிவிட்டால் ஊருக்கு நல்ல நீர் மட்டும் கிடைக்கும். அந்தக் குழாய் போவது நான்காம் வார்டுக்கு.

இங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. எந்த வார்டில் எதைச் செய்வதானாலும் அந்த வார்டு உறுப்பினர் தலையாட்ட வேண்டும். எங்கும் எழுதிவைக்கவில்லை. ஆனால் எழுபது வருடமாக யாரும் மீறியதில்லை. வார்டு மரியாதை என்பார்கள்.

"ஒரு சின்னத் தலையாட்டல், இங்க்ரிட். அவ்ளோதான். உங்க பதினாறு வீட்டுக்கும் தனிக் குழாய் போட்டுத் தர்றோம்."

"அப்போ அந்த ஆயிரத்து முந்நூறு பேரு?"

"யாரு?" என்றார்.

நடிக்கவில்லை, அக்கா. அவர் உண்மையாகவே யோசித்தார். யோசித்துவிட்டு, "ஓ, அவங்களா!" என்று சிரித்தார். ஒரு துண்டு கேக் வெட்டிக்கொண்டார்.

அவர்களைக் கேட்க வேண்டாமா என்று எனக்குத் தோன்றியது. எப்படிக் கேட்பது? ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு நான் தொட்டிமுன் நிற்கும்போது அவர்கள் ஜன்னலில் துண்டைத் தொங்கவிட்டால்தான் உண்டு. காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்பாய்.

கிறிஸ்துமஸுக்கு டோபியாஸ் வருவானா? அவனுக்காக ஒரு கம்பளித் தொப்பி பின்னி வைத்திருக்கிறேன். எந்த முகவரிக்கு அனுப்புவது?

இங்கி

✦

துலூத்
4 ஜனவரி 2004

அன்புள்ள இங்கி,

புது வருடம் உங்கள் இருவருக்கும் நல்லபடியாக அமையட்டும். நான் நலம்.

கிறிஸ்துமஸ் முடிந்து டோபியாஸைப் பார்த்தேன். மெலிந்திருக்கிறான். உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். தண்ணீர் விஷயத்தை இரண்டு முறை படிக்கச் சொன்னான். துண்டு என்ற இடத்தில் சிரித்தான். அவன் சிரித்து ரொம்ப நாளாயிற்று.

தொப்பியை நீயே வைத்திரு.

சோல்வே

✦

கிரெய்ன்ஃபோர்ட்
18 ஜனவரி 2004

அக்கா,

நலம் விசாரிக்கவும் கை வரவில்லை. நீ நலம் என்றே வைத்துக்கொள்கிறேன்.

போன ஞாயிறு நாலு மணி. வெண்டெல் முன்னறையில் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தான். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தேன். இரண்டாம் மாடியில் ஏழு ஜன்னல்கள் வெள்ளையாக இருந்தன.

பனி ஒளி என்று நினைத்தேன். கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன். துண்டுகள். ஏழு. பத்து நிமிடம் இருந்தன. பிறகு ஒவ்வொன்றாக இல்லாமல் போயின. யாரும் எடுத்தது தெரியவில்லை. வெள்ளை இருந்தது, பிறகு இருட்டு இருந்தது.

தற்செயல் என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டேன்.

இன்று நாலு மணி. நாற்பது.

நான் இதை வெண்டெலிடம்கூடச் சொல்லவில்லை. நினைத்தேன், உனக்கு எழுதினேன், அவ்வளவுதான். நான் மனதில் நினைத்தது சுவருக்கு எப்படித் தெரியும்? பதவியேற்ற அன்று பைபிளில் கை வைத்து இந்த வார்டின் மக்களுக்கு உண்மையாக இருப்பேன் என்று சொன்னேன். அவர்கள் அதைக் கேட்டுவிட்டார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

பயமாக இருக்கிறது. திரையை மூடிவிடட்டுமா?

இங்கி

✦

துலூத்
1 பிப்ரவரி 2004

அன்புள்ள இங்கி,

மூடாதே.

பயப்படவும் வேண்டாம். அவர்கள் கெடுதல் நினைக்கவில்லை. எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே, நான் உன் அக்கா.

கேட்பது என்று முடிவுசெய்தால் ஒழுங்காகக் கேள். கேள்வி ஒன்றுதான் இருக்க வேண்டும். ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். எந்தப் பதிலை நீ விரும்புகிறாய் என்று கேள்வியில் தெரியக்கூடாது. எழுதி எனக்கு அனுப்பு, திருத்தித் தருகிறேன். பதிலுக்கான நாளையும் குறிப்பிடு. தள்ளி வை. மூன்று வாரமாவது வேண்டும்.

டோபியாஸின் கப்பல் இப்போது டூ ஹார்பர்ஸ் துறைமுகத்தில் இரும்புத்தாது ஏற்றிக்கொண்டிருக்கிறது. நலமாக இருக்கிறான்.

வெண்டெலின் முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

சோல்வே

✦

கிரெய்ன்ஃபோர்ட்
8 பிப்ரவரி 2004

அன்புள்ள அக்கா,

ஒத்தடம் கொடுத்தேன். முனகல் குறைந்தது, வலி குறைந்ததா தெரியாது.

கேள்வி இது: மூன்றாம் கிணற்று நீரை முழுவதும் சிறைக்குத் திருப்ப நான்காம் வார்டு சம்மதிக்கிறதா? சம்மதம் என்றால் ஜன்னல் வெறுமையாக இருக்கட்டும். இல்லை என்றால் துண்டு. பிப்ரவரி 29, ஞாயிறு, நாலு மணி.

திருத்தம் இருந்தால் சொல்.

உன் கடிதம் மேசைமேல் இருந்தது. வெண்டெல் எடுத்துப் படித்துவிட்டான். "பிப்ரவரில எந்தக் கப்பல் ஓடுது? ஜனவரிலயே கப்பல் போற மதகெல்லாம் மூடிருவாங்களே. ஏரி பூரா பனிக்கட்டி. மார்ச் கடைசி வரைக்கும் கப்பல் அத்தனையும் கரையிலதான் கட்டிக் கெடக்கும்" என்றான்.

இருபது வருடமாக ஏரிக்கரையில் வாழ்கிறவளுக்குத் தெரியாததா உனக்குத் தெரிந்துவிட்டது என்று அவனை அதட்டினேன்.

அக்கா, இந்த வருடம் ஏரி எப்போது உறைந்தது?

இங்கி

✦

கிரெய்ன்ஃபோர்ட்
14 மார்ச் 2004

அன்புள்ள அக்கா,

ஐந்து வாரமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? நீ திருத்தி அனுப்பவில்லை. கேள்வி போய்ச் சேர்ந்ததா என்றே தெரியாமல் பிப்ரவரி 29 அன்று தொட்டிமுன் நின்றேன்.

போய்ச் சேர்ந்திருந்தது.

மூன்றரைக்கே ஆரம்பித்தது. நான் ஒரு தாளில் கட்டம் போட்டு வைத்திருந்தேன், நாலு வரிசை, வரிசைக்கு இருபத்து நான்கு. ஒவ்வொன்றாகக் குறித்தேன். தொண்ணூற்றொன்று வெள்ளை. ஐந்து இருட்டு. மூன்று முறை எண்ணினேன். சத்தமே இல்லை. தெருவில் நாய்கூடக் குரைக்கவில்லை. என் வாழ்நாளில் இவ்வளவு பேர் என்னைப் பார்த்ததில்லை. அவர்களில் ஒருவரையும் நான் பார்க்கவில்லை.

மறுநாள் லைல் பிரெமரைத் தேடிப் போனேன். எங்கள் தெருவில் ஒன்பதாம் எண் வீடு, சிறைக்குள் கிழக்குக் கட்டடத்தில் காவலர். வாசலில் பனியை வாரிக்கொண்டிருந்தார். அந்த ஐந்து ஜன்னல்களைப் பற்றிக் கேட்டேன்.

"அந்த அஞ்சுல ஆளே இல்ல, மேடம். பூட்டிக் கெடக்கு."

மேடம் என்கிறார் இப்போது. ஐந்து வருடமாக இங்க்ரிட்தான். பிறகு பனிவாரியை ஊன்றிக்கொண்டு அவராகவே சொன்னார்:

"அந்த ரெண்டாவது ஓட்டு நான் போட்டது. ஆனா என் ஓட்டுன்னு சொல்ல முடியாது."

"பின்ன யாரோடது?"

"உள்ள ஒருத்தன். தேர்தலுக்கு மொத நாள், 'சார், யாருக்குப் போடப்போறீங்க?'ன்னான். யாரும் நிக்கல, நான் போறதா இல்லன்னேன். 'அப்போ அந்த ஓட்ட எனக்குக் குடுத்துருங்களேன்'னான். சும்மா தமாசு பண்றான்னு பாத்தா, ஒரு பேரச் சொன்னான். எழுத்து எழுத்தா. உங்க பேரு."

"என்னை எப்படித் தெரியும் அவனுக்கு?"

"அதத்தான் நானும் உங்ககிட்ட கேக்கணும்னு இருந்தேன்." கொஞ்ச நேரம் என் கையுறையையே பார்த்தார். "சின்ன வயசு. உங்கள மாதிரியே எடதுகைக்காரன். பேரு சொல்லட்டுமா?"

"வேணாம்" என்றேன்.

நம் குடும்பத்தில் இடதுகைக்காரர்கள் மூன்று பேர்தான். அப்பா, நான், இன்னொருவர்.

வாக்கெடுப்பு ஏப்ரல் 6.

இங்கி

✦

துலூத்
25 மார்ச் 2004

இங்கி,

ஏரி ஜனவரி இரண்டாம் வாரம் உறைந்தது.

2002 ஜூனில் அவன் உன்னைப் பார்க்கத்தான் காரில் வந்துகொண்டிருந்தான். நீ சமைத்து வைத்துக் காத்திருந்தாய். அவன் கப்பல் வேலை கிடைத்துத் திரும்பிவிட்டான் என்று மறுநாள் நான் சொன்னேன். உங்கள் ஊருக்கு முப்பது மைல் இருக்கும்போது, குடித்திருந்தான். எதிரே வந்த வண்டியில் ஒரு பெண். அவளுக்கு உன் வயது. அவள் பெயரைத் தினமும் ஒரு முறை சொல்கிறேன், எழுத முடியவில்லை.

ஒன்பது வருடம். எங்கே அனுப்புவார்கள் என்று நமக்குத் தெரியாது, இங்கி. உன் ஊருக்கே அனுப்பினார்கள்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறேன். உன் தெரு முனையில் காரை நிறுத்தி, கொண்டுவந்த காபியைக் குடித்துவிட்டு உள்ளே போவேன். உன் சமையலறை விளக்கு தெரியும். ஒருமுறை நீ குப்பைத்தொட்டியைத் தெருவுக்கு இழுத்து வந்தாய். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவனுக்கும் உன் ஜன்னல் தெரிகிறது. சித்தி திரையை மூடிவிட்டாள் என்று நவம்பரில் அவன்தான் எனக்குச் சொன்னான்.

உன் கேள்வியில் திருத்த ஒன்றுமில்லை. அப்படியே அவனிடம் வாசித்தேன்.

இதற்காக நீ எதையும் செய்ய வேண்டாம். செய்யாமலும் இருக்க வேண்டாம். எது சரி என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. நான் அவன் அம்மா.

சோல்வே

✦

கிரெய்ன்ஃபோர்ட்
26 ஏப்ரல் 2004

அன்புள்ள அக்கா,

உன் முழங்கால் தேவலையா? நாங்கள் நலம். உன் கடிதத்துக்கு ஒரு மாதமாகப் பதில் எழுதாதது கோபத்தால் அல்ல. சொல்ல ஏதாவது கிடைக்கட்டும் என்று காத்திருந்தேன்.

ஏப்ரல் 6. மேயர் கிணற்றுத் தீர்மானத்தை வாசித்தார். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "நாலாவது வார்டு?" என்றார். எல்லோரும் கோட்டை மாட்டத் தயாராக இருந்தார்கள்.

"கேட்டேன். வேணாங்கிறாங்க" என்றேன்.

"யாரு?"

"வார்டு."

இரண்டாம் வார்டுக்காரர் சிரித்தார். "எப்போ கேட்ட? என் மச்சான் உங்க தெருதான், அவன ஒருத்தரும் கேக்கலையே!"

நான் கட்டம் போட்ட தாளை எடுத்து மேசைமேல் வைத்தேன். "தொண்ணூத்தாறுல தொண்ணூத்தொண்ணு. மிச்சம் அஞ்சுல ஆள் இல்ல."

மேயர் தாளைத் தொடாமல் பார்த்தார். டெல்ஃபின் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இத நான் எப்டி எழுதறது?" என்றாள்.

"சொன்னபடியே எழுதுங்க."

எழுதினாள். வழக்கம் வழக்கம்தான். தீர்மானம் தோற்றது. அன்று வெண்டெல் இரண்டு குவளை பியர் வாங்கிக்கொடுத்தான். உனக்கு எழுத உட்கார்ந்தேன். மேசையிலேயே தூங்கிவிட்டேன்.

ஏப்ரல் 20. முதல் வேலையாக வார்டு மரியாதை இனி இல்லை என்று ஒரு தீர்மானம். மூன்றுக்கு ஒன்று. அடுத்து கிணறு. மூன்றுக்கு ஒன்று. ஏழு நிமிடம் ஆயிற்று. முறைப்படி அறிவித்து, முறைப்படி வாக்கெடுத்து, முறைப்படி முடித்தார்கள். வெளியே வரும்போது ஆர்வில் என் தோளைத் தட்டினார். "மனசுல வெச்சுக்காத இங்க்ரிட். மக்களாட்சின்னா இதான். எண்ணிக்கை." கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. வெண்டெலின் முதுகைப் பற்றியும் விசாரித்தார்.

உன் பலகைக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. என்னைத் தேர்ந்தெடுத்த இரண்டு ஓட்டில் ஒன்று, ஓட்டே இல்லாத ஒருவன் போட்டது. நான் பார்த்ததிலேயே ஒழுங்கான தேர்தல் ஜன்னல்களில் நடந்தது. அது எந்தக் கணக்கிலும் வராது.

இன்னொன்று. இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

நேற்று ஞாயிறு. நான் எதையும் கேட்கவில்லை. உனக்கு எழுதவில்லை, நீ ஏப்ரலில் வரவும் இல்லை என்கிறார் லைல். மூன்று மணிக்கே பாத்திரங்களை முடித்துவிட்டேன். ஆனாலும் நாலு மணிக்குக் கால் தானாகப் போய் அங்கே நின்றது.

வெள்ளை. முழுச் சுவரும். எண்ணத் தேவையே இல்லாமல் எண்ணினேன். தொண்ணூற்றாறு.

லைலிடம் ஓடினேன். "அந்த அஞ்சு ரூமுக்கும் ஆள் வந்தாச்சா?"

"இல்லையே மேடம். சாவி என்கிட்டதான் இருக்கு."

வாசலுக்கு இழுத்து வந்து காட்டினேன். அவர் தொப்பியைக் கழற்றினார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொன்றாக அணைந்தன. அந்த ஐந்தும் கடைசியில்.

என்ன கேள்விக்கு அந்தப் பதில் என்று எனக்குத் தெரியவில்லை. அவனிடம் கேட்டுப் பார்.

மே மாதம் வரும்போது தெரு முனையில் நிறுத்தாதே. வீட்டு வாசலுக்கே வா. தொப்பி அலமாரியில் இருக்கிறது. உள்ளே கொடுக்க விடுவார்களா என்று லைல் விசாரிக்கிறார். பார்வையாளர் படிவத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். உறவு என்ற இடத்தில் சித்தி என்றே போடுவேன்.

குளிர் போய்விட்டது என்று நம்பிக் கோட்டை உள்ளே வைக்காதே.

இங்கி

பி.கு. இன்று காலை புதுக் குழாய் பதிக்க ஆட்கள் வந்தார்கள். பதினைந்து வீட்டுக்கு முன்னால் கோடு போட்டுவிட்டு எங்கள் வாசலுக்கு வந்தபோது, இங்கே தோண்ட வேண்டாம், சிறைக்குப் போகும் பழைய குழாயே எங்களுக்கும் இருக்கட்டும் என்றேன். மேஸ்திரி வெண்டெலைப் பார்த்தார். வெண்டெல், "கவுன்சிலரக் கேளுங்க, நான் வெறும் வாக்காளர்" என்றான். கையெழுத்துக் கேட்டார்கள், போட்டேன். உள்ளே வந்து திரையை விலக்கிவிட்டு, குழாயைத் திறந்து கெட்டிலை நிரப்பி அடுப்பில் வைத்தேன்.